12 பாயிண்ட் என்றால் எழுத்து எத்தனை மில்லிமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வேட்டு விதிகள், கட்டுரைப் போட்டி அறிவிப்புகள், மலர்களுக்குப் படைப்பு கோரும் கடிதங்கள் எதை எடுத்தாலும் "எழுத்து அளவு 12 பாயிண்ட் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த எழுத்துருவில் 12 என்பது பல சமயம் அதில் இருப்பதில்லை. எழுத்துருவின் பெயரை விட்டுவிட்டுப் பாயிண்ட்டை மட்டும் சொன்னால், தாளில் விழப்போகும் எழுத்தின் உயரத்தைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது. பக்க அமைப்பிலும் எழுத்துரு வடிவமைப்பிலும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இதனால் மாணவர்களுக்கும் சிறு அச்சகங்களுக்கும் ஏற்படும் வீண்செலவு அதிகம்.

பாயிண்ட் ஒரு நீள அளவு. இன்றைய கணினிக் கணக்கில் 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஒரு பாயிண்ட் 0.3528 மி.மீ.; 12 பாயிண்ட் 4.23 மி.மீ. இதுவரை குழப்பமில்லை. ஆனால் 12 பாயிண்ட்டில் அச்சான ஒரு பத்தியில் 'ப' என்ற எழுத்தின் மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 4.23 வராது. 2 மி.மீ.யை ஒட்டி ஏதோ ஓர் எண் வரும். எழுத்துருவை மாற்றினால் அந்த எண்ணும் மாறும். பாயிண்ட் அளப்பது எழுத்தை அல்ல என்பதுதான் காரணம்.

ஈய அச்சு இருந்த காலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்த ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் உடல் உண்டு. அதன் உச்சியில்தான் எழுத்தின் முகம். அச்சுக் கோப்பவர் வரியில் அடுக்குவது உடல்களை. 12 பாயிண்ட் என்பது அந்த உடலின் அளவு. எழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை அளந்தது. அந்த உடலின் மேல் முகத்தைப் பெரிதாகச் செதுக்குவதா சிறிதாகச் செதுக்குவதா என்பது வார்ப்பவரின் முடிவு. வரிகளுக்கு இடையே தானாகவே இடைவெளி விழட்டும் என்று 10 பாயிண்ட் முகத்தை 12 பாயிண்ட் உடலில் வார்த்து விற்றதும் உண்டு.

கணினியில் ஈயம் போய்விட்டது, உடல் போகவில்லை. எழுத்துருக் கோப்புக்குள் அது ஒரு கற்பனைச் சதுரமாக இருக்கிறது. அதற்கு எம் என்று பெயர். அந்தச் சதுரத்தின் பக்கத்தை 1000 அல்லது 2048 அலகுகளாகப் பிரித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் எழுத்தை வரைகிறோம். நீங்கள் 12 என்று தேர்ந்தெடுக்கும்போது சதுரத்தின் பக்கம் 12 பாயிண்ட் ஆகிறது. உள்ளே இருக்கும் எழுத்து, வரைந்தவர் வைத்த விகிதத்தில் கூடவே வளர்கிறது அல்லது சுருங்குகிறது. ஈயத்தில் முகம் உடலைத் தாண்டி நீட்டினால் உடையும். கணினியில் அந்தத் தடையும் இல்லை. எழுத்து சதுரத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

ஆங்கிலத்திலேயே இந்த வேறுபாடு சிறியதல்ல. டைம்ஸ் நியூ ரோமனில் சிறிய 'எக்ஸ்' எழுத்தின் உயரம் எம்மில் 0.447 பங்கு. ஏரியலில் 0.519 பங்கு. 12 பாயிண்ட்டில் முதலாவது 1.9 மி.மீ., இரண்டாவது 2.2 மி.மீ. ஏரியலில் 12 என்பதற்கு ஈடாக டைம்ஸில் ஏறத்தாழ 14 வைக்க வேண்டும்.

தமிழில் இது இன்னும் கடுமை. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் தேவை. ப, ம, ட, ய போன்றவை நடுவரம்புக்குள் அடங்கிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி அதற்கு மேலே ஏறும்; கி, கீ, ணீ ஆகியவற்றின் கொக்கிகள் இன்னும் மேலே போகும். த, ந, ற, ஞ, ழ வால் இறங்குபவை. து, கூ, ஞூ, ழூ மேலும் ஆழமாக இறங்கும். எழுத்துரு வரைகிறவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. உச்சிக் கொக்கியும் அடி வளையமும் எம் சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் 'ப'வைச் சிறிதாக்க வேண்டும். 'ப' படிக்க வசதியாகப் பெரிதாக இருக்க வேண்டும் என்றால் கொக்கியும் வளையமும் சதுரத்துக்கு வெளியே போக விட்டு, வரி இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுமே நியாயமான முடிவுகள்தான். விண்டோஸோடு வந்த லதாவையும் விஜயாவையும் ஒரே 12 பாயிண்ட்டில் அருகருகே அச்சிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்: விஜயா கண்ணுக்குத் தெளிவாகச் சிறியது. இரண்டையும் '12' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது அறிவிப்பு.

எழுத்தின் பருமன் செலவோடு கட்டுண்ட விஷயம் என்பது தமிழ் அச்சில் முந்நூறு ஆண்டுப் பாடம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்சுகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கும் தாள் போதாது என்று, தரங்கம்பாடியிலேயே சிறிய அச்சுகளை வார்த்துக்கொண்டார்கள். அப்போது பாயிண்ட் என்ற அளவே கிடையாது. பிரான்சில் ஃபூர்னியே 1737இல்தான் அப்படி ஒரு முறையை முன்வைத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் டீடோ அதை பிரெஞ்சு அரச அங்குலத்தோடு பொருத்தினார். டீடோ பாயிண்ட் 0.376 மி.மீ. அமெரிக்க வார்ப்பாலைகள் 1886இல் ஏற்றுக்கொண்ட பாயிண்ட் 0.3515 மி.மீ. அதற்கு முன்பு நான்பரேல், பிரிவியர், லாங் பிரைமர், பைக்கா, கிரேட் பிரைமர் என்று அளவுகளுக்குப் பெயர்தான் இருந்தது. ஒரே பெயரில் வெவ்வேறு வார்ப்பாலைகள் வெவ்வேறு உடல்களை விற்றன. அந்தப் பெயர்கள் பின்னர் முறையே 6, 8, 10, 12, 18 பாயிண்ட் என ஆயின. 72 பாயிண்ட் சரியாக ஓர் அங்குலம் என்ற இன்றைய கணக்கு 1980களில், அச்சுப் பக்கத்தை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியோடு நிலைபெற்றது. டெக் மென்பொருள் மட்டும் இன்றும் 72.27 பாயிண்ட்டை ஓர் அங்குலமாகக் கொள்கிறது. ஒரு வரிக்கு 12 பாயிண்ட் வீதம் 50 வரிகள் வைத்தால் இந்த இரண்டு கணக்குக்கும் பக்க உயரத்தில் 0.8 மி.மீ. வித்தியாசம் வரும். டெக்கில் அமைத்த பக்கத்தை வேறு மென்பொருளில் அமைத்த சட்டத்துக்குள் பொருத்தும்போது கடைசி வரி உதைப்பதற்கு இது ஒரு காரணம். டெக்கில் 'பிபி' என்ற அலகைக் கொடுத்தால் 72 கணக்கு கிடைக்கும்.

எழுத்து அளவைவிட அதிகம் கெடுப்பது வரி இடைவெளி. "1.5 இடைவெளி" என்று விதியில் எழுதுகிறார்கள். எதன் 1.5 மடங்கு? வேர்டில் அது பாயிண்ட்டின் மடங்கு அல்ல. எழுத்துரு தனக்கென்று வைத்திருக்கும் இயல்பு வரி உயரத்தின் மடங்கு. டைம்ஸ் நியூ ரோமனில் அந்த இயல்பு உயரம் எழுத்து அளவைப்போல் 1.15 மடங்கு. எனவே 12 பாயிண்ட், 1.5 இடைவெளி என்றால் வரிக்கு வரி 20.7 பாயிண்ட். மேலும் கீழும் தாராளமாக இடம் விட்ட ஒரு தமிழ் எழுத்துருவில் இயல்பு உயரம் 1.6 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விதி 28.8 பாயிண்ட்டைத் தரும். ஏ4 தாளில் மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் மிஞ்சும் உயரம் 246 மி.மீ., அதாவது 698 பாயிண்ட். முதல் கணக்கில் அதில் 33 வரிகள் நிற்கும், இரண்டாவதில் 24. விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு 240 பக்கம், மற்றவருக்கு 330 பக்கம் என்று வந்து நிற்பது இப்படித்தான். பக்க வரம்பும் போட்டிருந்தால் இரண்டாமவர் பாடத்தை வெட்டுகிறார். ஐந்து படி எடுத்து நூலாகக் கட்டும் செலவும் அவருக்குத்தான் கூடுதல்.

இன்டிசைன், பேஜ்மேக்கர் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்கள் வேறு வழியில் போகின்றன. அவற்றின் தானியங்கி லீடிங் (வரிக்கு வரி விடும் தூரம்) எழுத்துருவைப் பார்ப்பதில்லை; எழுத்து அளவில் 120 விழுக்காடு என்று வைத்துவிடும். 12க்கு 14.4. ஆங்கிலத்துக்கு இது போதும். பல தமிழ் எழுத்துருக்களில் மேல்வரியின் 'கூ' வளையமும் கீழ்வரியின் 'கீ' கொக்கியும் முட்டிக்கொள்ளும். தமிழுக்கு லீடிங்கைத் தானியங்கியில் விடாமல் எண்ணாகவே கொடுங்கள். மேல்வரியில் ழூ, கூ, கீழ்வரியில் ணீ, கீ நேர்நேராக வருமாறு தட்டச்சிட்டு, இரண்டும் தொடாமல் கண்ணுக்குத் தெரியும் வெளி விழும்வரை கூட்டினால் அதுதான் அந்த எழுத்துருவுக்கான குறைந்த லீடிங்.

வேர்டில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து எண்ணைக் குறைத்தால் கி, கீ, மெய்ப்புள்ளி ஆகியவற்றின் தலை வெட்டுப்படும். பார்ப்பவர் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை நிறுவுவார். எழுத்துரு கெடவில்லை, வரிக்கு ஒதுக்கிய உயரம் போதவில்லை. 'அட் லீஸ்ட்' என்று மாற்றினால் சரியாகும். எண்ணைத் தொடாமலேயே வெட்டுப்பட்டால் தவறு எழுத்துருக் கோப்பில் இருக்கிறது. எழுத்து எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்ற எண்கள் அந்தக் கோப்புக்குள் மூன்று இடங்களில் எழுதப்படுகின்றன. ஒன்றை மேக் படிக்கிறது, ஒன்றை விண்டோஸ் படிக்கிறது, மூன்றாவதைச் சில மென்பொருள்கள் மட்டும் படிக்கின்றன. மூன்றும் ஒத்துப்போகாதபோது ஒரே ஆவணம் ஒரு கணினியில் 10 பக்கமாகவும் மற்றொன்றில் 11 பக்கமாகவும் ஓடும். எழுத்துரு வெளியிடுவோர் இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் உண்டு. வேர்டும் லிப்ரெ ஆபிஸும் ஒரே பத்திக்கு இரண்டு எழுத்து அளவுகளைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன: ஆங்கிலம் முதலிய எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ், அரபு போன்றவற்றுக்கு ஒன்று. ஸ்டைலில் ஆங்கில அளவை மட்டும் 12 ஆக்கிவிட்டு, தமிழ் ஏன் மாறவில்லை என்று தேடுவார்கள். வேர்டில் கன்ட்ரோல்-டி அழுத்தித் திறக்கும் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியிலும், லிப்ரெ ஆபிஸில் 'சிடிஎல்' என்ற பகுதியிலும் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் கொடுக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒரே எண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொல் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதை அரை பாயிண்ட், ஒரு பாயிண்ட் குறைப்பதே முறை.

இனி, அளப்பது எப்படி. அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு அளவுகோலும் ஓர் உருப்பெருக்கியும் போதும். 'ப'வைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அதன் அடி தட்டை, இரண்டு கால்களும் நேராக நிற்கும், மேலும் கீழும் எதுவும் நீட்டாது. வளைந்த எழுத்துகள் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதற்காகவே கோட்டைக் கொஞ்சம் தாண்டி வரையப்படுவதால் அவற்றை அளந்தால் எண் கூடும். முதலில் நீங்கள் அளக்க விரும்பும் எழுத்துருவில் 'ப'வை 100 பாயிண்ட்டில் அச்சிடுங்கள். 100 பாயிண்ட் என்பது 35.28 மி.மீ. 'ப' 17.6 மி.மீ. உயரம் இருந்தால் விகிதம் 0.5. இனி எந்த அளவுக்கும் கணக்குப் போடலாம்: பாயிண்ட்டை 0.3528ஆலும் அந்த விகிதத்தாலும் பெருக்கினால் 'ப' உயரம் மி.மீ.யில் கிடைக்கும். திருப்பியும் போடலாம். அச்சான நூலில் 'ப' 2.1 மி.மீ. இருக்கிறது, எழுத்துரு அதுவேதான் என்றால், 2.1ஐ 0.1764ஆல் வகுக்க 11.9 வருகிறது, 12 பாயிண்ட்டில் அமைத்திருக்கிறார்கள். அச்சிட வழியில்லாதவர்கள் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வடிவமைப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, 'ப'வின் உயரத்தை அலகில் பார்த்து, எம் அலகால் வகுத்தாலும் அதே விகிதம் கிடைக்கும்.

லீடிங்கை ஒரே ஓர் இடைவெளியில் அளந்தால் பிழை பெரிதாக விழும். ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (அதாவது 'ப'வின் அடி நிற்கும் கற்பனைக் கோட்டிலிருந்து) அதற்குக் கீழே பத்தாவது வரியின் அடிக்கோடு வரை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 60 மி.மீ. என்றால் வரிக்கு 6 மி.மீ., அதாவது 17 பாயிண்ட்.

இந்த 'ப' விகிதம் கையில் இருந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றும்போதும் உதவும். பழையதில் 'ப' விகிதம் 0.46, புதியதில் 0.55 என்றால், 13 பாயிண்ட்டில் இருந்ததை 10.9க்குக் குறைத்தால்தான் அதே தோற்றம் வரும். 13ஐ அப்படியே விட்டால் எழுத்து பெருத்து, வரிகள் ஓடி, பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் தவறாகிவிடும்.

அளக்கும் தாள் சரியான தாள்தானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க லெட்டர் அளவில் அமைத்த கோப்பை ஏ4இல் 'ஃபிட்' கொடுத்து அச்சிட்டால் அது 97 விழுக்காடாகச் சுருங்கும். 12 பாயிண்ட் 11.7 ஆகும். ஏ4 கோப்பை லெட்டர் தாளில் அச்சிட்டால் 94 விழுக்காடு, 11.3 பாயிண்ட். ஏ4ஐ ஏ5 ஆக நகலெடுத்தால் 71 விழுக்காடு. 12 பாயிண்ட் 8.5க்கு இறங்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று கொடுத்து அச்சிட்ட தாளில்தான் அளவுகோல் வைக்கலாம். திரையில் வைத்துப் பயனில்லை. இணையப் பக்கத்தில் 16 பிக்சல் 12 பாயிண்ட்டுக்குச் சமம் என்பது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற ஏட்டுக் கணக்கு. கைபேசியிலும் மேசைத் திரையிலும் அந்த அங்குலம் உண்மையான அங்குலமாக இருப்பதில்லை.

எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் கவலைப்படும் இடங்களில் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதி, கட்டாயத் தகவல்களில் சிறிய 'எக்ஸ்' 1.2 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது. பொட்டலத்தின் பெரிய பக்கம் 80 சதுர செ.மீ.க்குக் கீழே இருந்தால் 0.9 மி.மீ. அந்த 1.2 மி.மீ.யை எட்ட ஏரியலில் 6.6 பாயிண்ட், டைம்ஸில் 7.6 பாயிண்ட் வேண்டும். எந்த எழுத்துருவை எடுத்தாலும் படிப்பவருக்குக் கிடைக்கும் உயரம் ஒன்றுதான். இந்தியாவின் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் எண்ணின் உயரத்தை மில்லிமீட்டரில்தான் சொல்கின்றன. அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று சேர்த்தும் சொல்கின்றன. எழுத்தை ஒடுக்கி உயரத்தை மட்டும் காட்டி ஏமாற்ற முடியாதபடி செய்த நல்ல நிபந்தனை அது.

ஆகவே அறிவிப்பு எழுதுவோர் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: எழுத்துருவின் பெயர், பாயிண்ட், அடிக்கோட்டிலிருந்து அடிக்கோட்டுக்கு எத்தனை பாயிண்ட். எழுத்துருவை அவரவர் விருப்பத்துக்கு விடுவதானால் "'ப' எழுத்தின் உயரம் 2 மி.மீ.க்குக் குறையாமல், வரிக்கு வரி 6 மி.மீ." என்பது போல எழுதலாம். கட்டுரைப் போட்டிகளுக்குப் பக்க வரம்பை எடுத்துவிட்டுச் சொல் வரம்பு வைத்தால் எழுத்து அளவைப் பற்றிய கேள்வியே எழாது.

பார்வை மங்கியோருக்கான அச்சில் இன்னும் கூடுதல் அக்கறை வேண்டும். பிரிட்டனில் 16 பாயிண்ட், அமெரிக்காவில் 18 பாயிண்ட் என்று பெரிய எழுத்துக்கு வைத்திருக்கும் எண்கள் ஆங்கில எழுத்துருக்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. ஏரியலில் அவற்றின் சிறிய 'எக்ஸ்' முறையே 2.9, 3.3 மி.மீ. அந்த 16ஐத் தமிழுக்கு அப்படியே எடுத்து, 'ப' விகிதம் 0.42 உள்ள எழுத்துருவில் வைத்தால் கிடைப்பது 2.4 மி.மீ. மட்டுமே. தமிழ் எழுத்தில் கோடுகளும் வளையங்களும் நெருக்கம். 'ப' 3 மி.மீ.க்குக் குறைந்தால் பெரிய எழுத்துப் பதிப்பு என்று அதைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் கருத்து.

செய்தித்தாள்கள் எழுத்துருவையோ பக்க அமைப்பையோ மாற்றும்போது எழுத்து சிறியதாகிவிட்டது என்று முதியவர்கள் முறையிடுவதும், பாயிண்ட்டைக் குறைக்கவில்லை என்று பதில் வருவதும் உண்டு. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். தங்கள் நாளிதழ் இனி அப்படி ஒரு மாற்றம் செய்யும் நாளில், பழைய எழுத்திலும் புதிய எழுத்திலும் 'ப'வின் உயரம், வரிக்கு வரி உள்ள தூரம் ஆகிய நான்கு எண்களை மில்லிமீட்டரில் முதல் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பக்க அமைப்பு, எழுத்துரு வடிவமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்